ஜான் லெக்விசாமோ: அப்பாவை மேடையேற்றிய ஆள்

குயின்ஸ்காரன்

இந்த இழையைத் தொடங்கக் காரணம் ஒரு ரயில்.

நான் தினமும் வேலைக்குப் போய்வருவது நியூயார்க்கின் ஏழாம் நம்பர் ரயிலில். குயின்ஸ் பகுதியில் பெரும்பாலும் தூண்களின் மேலேயே ஓடும். ஒரு முனை ஃப்ளஷிங். பிள்ளையார் கோயிலும் அதன் அடித்தளத்துத் தோசை கேன்டீனும் அந்த ஊரில்தான். வழியில் ஜாக்சன் ஹைட்ஸ். ஒரு தெருவில் துவரம்பருப்பும் புடவைக்கடையும், சற்றுத் தள்ளி நடந்தால் கொலம்பியா நாட்டு ரொட்டிக்கடைகள். 1970களில் இதே ரயிலில் ஒரு பள்ளிக்கூடப் பையன், நண்பன் ஒருவனோடு கண்டக்டர் அறைக்குள் புகுந்து, ஒலிபெருக்கியைப் பிடித்து, பயணிகளுக்கு ஜோக் சொல்ல ஆரம்பித்துவிட்டான். போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது.

அந்தப் பையன்தான் ஜான் லெக்விசாமோ. கொலம்பியாவின் பொகோட்டாவில் பிறந்து, மூன்று நான்கு வயதில் குயின்ஸுக்கு வந்து, ஜாக்சன் ஹைட்ஸில் வளர்ந்தவர். பள்ளியில் அவருக்குக் கிடைத்த பட்டம் 'அதிகம் பேசுபவன்'.

படம் பார்ப்பவர்களுக்கு முகம் தெரிந்திருக்கும். 1996இல் வந்த ரோமியோ ஜூலியட்டில் டிபால்ட். மூலான் ரூஜில் குள்ள ஓவியர். ஜான் விக்கில் கார் ஷெட் வைத்திருக்கும் அரேலியோ. முகம் தெரியாமல் குரல் மட்டும் தெரிந்தவர்களும் உண்டு: ஐஸ் ஏஜ் படத்து சிட், என்கான்டோவின் புருனோ.

ஆனால் இதெல்லாம் அவருடைய உத்தியோகம் மட்டுமே, வாழ்க்கை வேறு என்பது என் கட்சி. அவர் தனக்குத்தானே எழுதி, தனியாளாக நடித்த மேடை நாடகங்கள்தான் அசல் லெக்விசாமோ. மறுப்பவர்கள் வரலாம்.

மரப்பாச்சி

ஐயோ, சிட்! என் இரண்டு பிள்ளைகளும் அந்தத் தேவாங்கு பேசுவதைப் பார்த்துப் பார்த்து, ஒரு வருஷம் முழுக்க நாக்கைத் துருத்திக்கொண்டே பேசினார்கள். அந்த ஆளா இவர்?

வடைமாலை

தேவாங்கு இல்லை அக்கா. தேவாங்கு நம் திண்டுக்கல், கரூர் காட்டில் இருப்பது; கடவூரில் அதற்கென்று சரணாலயமே அறிவித்திருக்கிறார்கள். சிட் ஒரு ஸ்லாத். அது தென் அமெரிக்கப் பக்கத்துச் சோம்பேறி.

அப்புறம் பெயர் என்ன உச்சரிப்பு? லெகுயிசாமோவா, லெக்விசாமோவா? ஸ்பானிஷ் முறைப்படி படித்தால் 'லெகி...' என்றுதானே வரவேண்டும்?

குயின்ஸ்காரன்

சரிதான். ஸ்பானிஷில் அந்த எழுத்துச் சேர்க்கைக்குக் 'கி' ஓசைதான். ஆனால் அவர் தன் பெயரை அமெரிக்க வாயில் 'லெக்விசாமோ' என்றே சொல்கிறார். ஆள் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே எழுதுவோம்.

மரப்பாச்சி அக்கா, சிட்டின் குரலுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. என்னென்னவோ குரல்களைப் போட்டுக் காட்டியும் எதுவும் எடுபடவில்லை. ஸ்லாத் பற்றிய ஆவணப்படங்களைப் போட்டுப் பார்த்தபோது, அது கன்னத்துக்குள் உணவை அடக்கி வைத்துக்கொள்ளும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. உடனே ஒரு சாண்ட்விச்சைக் கடித்து வாயில் அடக்கிக்கொண்டு பேசிப் பார்த்தார். அந்தக் குழறல்தான் சிட். 2002இல் முதல் படம். 2016 வரை வந்த அடுத்த நான்கு படங்களிலும் அந்தச் சாண்ட்விச் ஓசை விடவே இல்லை.

பழையசபா

தம்பி, உங்கள் கட்சியில் நானும் சேர்ந்துகொள்கிறேன். நான் முப்பது வருஷம் அமெச்சூர் நாடகம் போட்டவன். 90களின் இறுதியில் அமெரிக்காவில் மகன் வீட்டில் இருந்தபோது, ஒரு பழைய வீடியோ கேசட்டில் 'மேம்போ மவுத்' என்ற அவருடைய தனியாள் நாடகத்தைப் பார்த்தேன். ஆங்கிலமும் ஸ்பானிஷும் கலந்து கொட்டியதில் பாதிதான் புரிந்தது. ஆனாலும் எழுந்திருக்க முடியவில்லை.

1990, 91 வாக்கில் நியூயார்க்கில் அமெரிக்கன் பிளேஸ் தியேட்டர் என்ற அமைப்பின் சின்ன அரங்கில் தொடங்கியது. ஒரே ஆள், ஏழு பாத்திரம். செட் என்று சொல்ல எதுவும் இல்லை. மறைப்புக்குப் பின்னால் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வருவார். வரும்போது இடுப்பு வேறு, கழுத்து வேறு, கண் வேறு. ஒரு பாத்திரம் பெப்பே. குடியேற்ற அதிகாரிகள் பிடித்துக் கம்பிக்குப் பின்னால் நிறுத்தியிருப்பார்கள். "நான் மெக்சிகன் இல்லை, ஸ்வீடன்காரன்" என்பார். அது எடுபடாது. உடனே அயர்லாந்துக்காரர் ஆவார், பிறகு இஸ்ரேல்காரர். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். சிரித்து முடியும்போது அந்த மனிதர் இன்னும் கம்பிக்குப் பின்னால்தான் நிற்பார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கடைசிப் பாத்திரம். லத்தீன் அமெரிக்க வம்சத்து இளைஞர்களுக்கு முன்னேற்ற வகுப்பு எடுக்கும் ஒருவர். அவருடைய யோசனை என்ன தெரியுமா? முன்னேற வேண்டுமானால் ஜப்பானியராக மாறிவிடுங்கள்! தானே மாறிவிட்டதாகவும் சொல்வார். கோட், கண்ணாடி, அடக்கமான குரல். பேசிக்கொண்டே இருக்கும்போது கால் தன்னையறியாமல் சால்சா தாளம் போடும், பிடித்து நிறுத்துவார், மறுபடி போடும். உடம்பை வைத்துக்கொண்டு ஒரு நடிகன் இதற்கு மேல் என்ன சொல்லிவிட முடியும்?

நியூயார்க்கின் சின்ன அரங்க நாடகங்களுக்குத் தரும் ஓபி விருது கிடைத்தது. ஹெச்பிஓ தொலைக்காட்சி ஒளிபரப்பியது. பெயர் வந்தது அதில்தான்.

கறார்கண்ணம்மா

எல்லாரும் கைதட்டுகிறீர்கள். நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

மேம்போ மவுத் வந்தபோது லத்தீன் மக்களிலேயே பலர் கோபப்பட்டார்கள், மறந்துவிடாதீர்கள். அதிலிருந்த பாத்திரங்கள் யார் யார்? பொம்பளைப் பொறுக்கி டிவி தொகுப்பாளர், பாலியல் தொழில் செய்யும் திருநங்கை, காமம் தலைக்கேறிய பதினான்கு வயதுப் பையன், திருட்டுத்தனமாக எல்லை தாண்டியவர். வெள்ளைக்காரர்கள் எதைப் பார்த்து ஏளனம் செய்தார்களோ அதையே இவர் மேடையில் விற்றார். அடுத்த நாடகத்தின் பெயரே 'ஸ்பிக்-ஓ-ராமா'. 'ஸ்பிக்' என்பது அவர்கள் இனத்தைத் திட்டும் கெட்ட வார்த்தை. நம் ஊரில் ஒருவர் தன் சாதியைத் திட்டும் வசவையே தலைப்பாக வைத்து நாடகம் போட்டால் இப்படி ரசிப்போமா?

அதற்கடுத்து 'ஃப்ரீக்'. அதில் சொந்த அப்பா. குடி, கோபம், அடி, எல்லாவற்றையும் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் டிக்கெட் போட்டு விற்றார். அந்த மனிதர் அப்போது உயிரோடு இருந்தார். அவருக்கு மேடை இல்லை, மைக் இல்லை. இது நியாயமா?

வடைமாலை

கண்ணம்மா மேடம் வந்தாச்சு. இழை இனிமேல்தான் ஆரம்பம்.

குயின்ஸ்காரன்

உங்கள் கேள்வி இரண்டு. முதலாவதற்கு நான் சொல்கிறேன்; அப்பா விவகாரத்தைப் பழையசபா சாரிடம் விடுகிறேன்.

மேம்போ மவுத்துக்கு முன்னாலும் பின்னாலும் சினிமா இவருக்கு என்ன கொடுத்தது என்று பாருங்கள். 1991இல் ஹாரிசன் ஃபோர்டு நடித்த ஒரு படம். சிகரெட் வாங்கக் கடைக்குப் போகும் வக்கீலை ஒரு திருடன் சுடுவான். அந்தத் திருடன் இவர். டை ஹார்டு இரண்டாம் பாகத்தில் தீவிரவாதிக் கும்பலில் ஒருவர். மயாமி வைஸ் தொடரில் போதைப்பொருள் கும்பல். 1993இல் 'கார்லிட்டோஸ் வே'யில் பென்னி பிளாங்கோ என்ற ரவுடி. அதில் கதாநாயகன் போர்ட்டோ ரிக்கோக்காரன். நடித்தவர் இத்தாலிய வம்சத்து அல் பசினோ. நிஜ லத்தீன் நடிகருக்குக் கிடைத்தது கடைசியில் நாயகனைச் சுடும் வேலை. இனி ரவுடி வேடம் வேண்டாம் என்று முதலில் அதை மறுத்திருக்கிறார், பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

அந்தக் காலத்தில் அவர் வெயிலில் போவதையே தவிர்த்தாராம். நிறம் கறுத்தால் வேலை கிடைக்காது என்ற பயம். இதைப் பிற்பாடு பேட்டியில் அவரே சொன்னார். இதற்கு மேல் விளக்கம் நமக்குத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது மேடைக்கு வாருங்கள். அங்கேயும் திருடனும் பொறுக்கியும்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹாரிசன் ஃபோர்டைச் சுட்ட அந்தத் திருடனுக்கு அந்தப் படத்தில் பெயர் உண்டா, அம்மா உண்டா, அவன் எதற்கு அந்த ராத்திரியில் கடைக்கு வந்தான் என்று யாராவது கேட்டார்களா? பெப்பேக்கு அதெல்லாம் உண்டு. ஒருவனைத் திட்டுவதற்கும் அவனைப் பேச விடுவதற்கும் நடுவில் இருக்கும் தூரம் அதுதான். தலைப்பில் இருந்த வசவும் அப்படித்தான். அடுத்தவன் வாயில் இருக்கும்வரை அது கல். பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டார். எல்லாருக்கும் ஜீரணமாகாது, சரி.

பரமக்குடிப்பையன்

நான் சினிமாப் பக்கம்தான் பேசமுடியும், நாடகம் எதுவும் பார்த்ததில்லை. மூலான் ரூஜில் அவர் குள்ளமாகத் தெரிவது முழுக்க கிராஃபிக்ஸ் என்று நினைத்திருந்தேன். பாதிதான். முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, முட்டி போட்டே நடந்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே இருந்ததைக் கணினியில் அழித்தார்கள். சிட்னியில் மாதக்கணக்கில் படப்பிடிப்பு. அந்த வலியோடு பாட்டு வேறு.

1993இல் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் படத்தில் லூயிஜி இவர், மாரியோ பாப் ஹாஸ்கின்ஸ். வட கரோலினாவில் மூடிக்கிடந்த ஒரு சிமென்ட் ஆலைக்குள் எடுத்தார்கள். சுமார் 4.8 கோடி டாலர் போட்டு, அமெரிக்காவில் 2 கோடியை ஒட்டித்தான் வந்தது. ஹாஸ்கின்ஸ் தன் வாழ்க்கையிலேயே மோசமான வேலை அதுதான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவர் மட்டும் இன்றுவரை அந்தப் படத்துக்காகப் பேசுகிறார். ஒரு லத்தீன் ஆளை லூயிஜியாகப் போட அந்த இயக்குநர்கள் மல்லுக்கட்டினார்கள் என்பார். 2023இல் வந்த கார்ட்டூன் மாரியோவில் முக்கியக் குரல்களில் லத்தீன் ஆட்கள் இல்லை என்று, பார்க்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

இன்னொன்று. எம். நைட் ஷியாமளன் 2008இல் எடுத்த 'தி ஹாப்பனிங்' படத்தில் கணக்கு வாத்தியார் இவர்தான். மாஹேயில் பிறந்த, சென்னைத் தமிழ் அம்மாவின் பிள்ளை இயக்கிய படத்தில் பொகோட்டாக்காரர். படம் சுமார்தான். ஆனால் மகளை நண்பனிடம் விட்டுவிட்டு மனைவியைத் தேடிக் கிளம்பும் காட்சியில் இவர் முகத்தைப் பாருங்கள், வேறு படத்திலிருந்து தவறி வந்தவர் மாதிரி இருக்கும்.

பழையசபா

கண்ணம்மா அம்மாவின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். லேசான கேள்வி இல்லை.

லெக்விசாமோவின் அப்பாவுக்குத் திரைப்பட இயக்குநர் ஆக ஆசை. ரோம் நகரத்துச் சினிசிட்டா சினிமா ஸ்டுடியோவில் படிக்கப் போனவர், பணமில்லாமல் பாதியில் விட்டவர். அப்புறம்தான் கொலம்பியாவை விட்டு நியூயார்க். கையில் ஆங்கிலம் இல்லை, தோளில் குடும்பம். கனவு கலைந்த மனிதர்கள் வீட்டில் எப்படி இருப்பார்கள் என்று நமக்குத் தெரியாதா? அந்த அப்பாவின் மகன் நடிகனாகிறான். தான் போக முடியாத இடத்துக்கு மகன் போகிறான். போனவன் அங்கே நின்றுகொண்டு அப்பாவைப் பற்றியே பேசுகிறான்.

'ஃப்ரீக்' 1998இல் பிராட்வேக்கு வந்தது. சிறந்த நாடகம், சிறந்த நடிகர் என்று இரண்டுக்கும், பிராட்வேயின் பெரிய விருதான டோனிக்குப் பரிந்துரை. இயக்குநர் ஸ்பைக் லீ அதைப் படமாக்கி ஹெச்பிஓவில் வர, 1999இல் தொலைக்காட்சிக்கான எம்மி விருதும் கிடைத்தது. அப்பாவுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தையும் பதின்மூன்று வருஷம் கழித்து, 2011இல், 'கெட்டோ க்ளௌன்' என்ற நாடகத்தில் எடுத்துப் பேசினார். அதாவது, 'உன்னை மேடையேற்றியதில் உனக்குக் கோபம்' என்பதையும் மேடையேற்றிவிட்டார். இதை என்னவென்று சொல்வது? எனக்கே சில இடங்களில் நெளிவாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த அப்பாவாக நடிப்பதும் அவர்தானே அம்மா. அடிக்கும் கையும் அவருடையது, வாங்கும் கன்னமும் அவருடையது. ஒரு மனிதனின் நடையை, இருமலை, தலை சாய்ப்பதை அப்படிச் செய்துகாட்ட வேண்டுமானால், அவரை வருஷக்கணக்கில் உற்றுப் பார்த்திருக்க வேண்டும். வெறுப்பவரை அப்படிப் பார்க்க முடியாது என்பது என் அனுபவம்.

கறார்கண்ணம்மா

சார், நீங்கள் அழகாகச் சொல்கிறீர்கள். ஆனால் நான் மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்.

எங்கள் வீட்டில் டிவி போடக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டுப் போவார். திரும்பி வந்ததும் முதல் வேலை, டிவியின் முதுகைத் தொட்டுப் பார்ப்பது. சூடாக இருந்தால் பெல்ட். என் அண்ணன் இதை வைத்து ஒரு ஐட்டம் தேற்றினான். கல்லூரி விழாவில் அரங்கம் அதிர்ந்தது. பிறகு என் கல்யாண வரவேற்பில், நண்பர்கள் கேட்டார்கள் என்று, அப்பா முன்னாலேயே செய்துகாட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ராத்திரி மண்டபத்துப் பின்கட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "நான் அப்படியா கையை வைப்பேன்?" என்று மட்டும் கேட்டார்.

அதனால்தான் கேட்கிறேன். ஆள் உற்றுப் பார்த்தார், சரி. பார்க்கப்பட்டவர் என்ன ஆனார்?

மரப்பாச்சி

கண்ணம்மா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

வடைமாலை

அந்த அப்பா சும்மா இருந்துவிடவில்லை மேடம், அதையும் சொல்லிவிடுகிறேன். லெக்விசாமோ ரொம்ப நாள் தன்னைப் பாதி போர்ட்டோ ரிக்கோக்காரன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். 2011இல் நியூயார்க்கின் போர்ட்டோ ரிக்கோ தின ஊர்வலத்தில் அவருக்கு மரியாதை செய்யும் நேரத்தில் அப்பா பத்திரிகைக்காரர்களிடம், அப்படியெல்லாம் கிடையாது, நாங்கள் கொலம்பியாக்காரர்கள் என்று போட்டு உடைத்துவிட்டார். மைக் இல்லாதவர் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது!

குயின்ஸ்காரன்

ஹா ஹா. அது நிஜம்.

கண்ணம்மா, உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் 'ஃப்ரீக்' பார்க்காமலே பேசுகிறீர்கள் என்று ஒரு சந்தேகம். பார்த்துவிட்டு வாருங்கள். அதில் அப்பா மட்டும் இல்லை. ஒரு மாமா வருவார், சானி. காது கேளாதவர். அவர்தான் பையனை பிராட்வேக்குக் கூட்டிப்போவார், 'எ கோரஸ் லைன்' என்ற இசை நாடகம் பார்க்க. அந்த இடம்வரை பொறுமையாகப் பாருங்கள்.

அதுவரை 'லத்தீன் ஹிஸ்டரி ஃபார் மோரான்ஸ்' பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவர் நாடகங்களில் இதுதான் உச்சம். இங்கே கதை தலைகீழ். இதில் அவர் மகன் இல்லை, அப்பா. எட்டாம் வகுப்பு படிக்கும் மகனைப் பள்ளியில் ஒருவன் இனத்தைச் சொல்லிக் கேலி செய்கிறான். அதே சமயம் வரலாற்றுப் பாடத்தில் 'ஒரு வீரரைப் பற்றி எழுது' என்று வேலை. லத்தீன் வீரர் ஒருவரைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறேன் என்று அப்பா கிளம்புகிறார். பாடப்புத்தகத்தைப் புரட்டினால் ஒருவர்கூட இல்லை.

மேடையில் ஒரு கரும்பலகை, சாக்பீஸ், கோட்டுக்கு உள்ளே போடும் வெயிஸ்ட்கோட். மாயன்களில் தொடங்கி ஆஸ்டெக், இன்கா, டைனோ என்று பூர்வகுடிகள் வழியாக ஓடுவார். கொலம்பஸ் வந்திறங்கிய பிறகு அம்மை நோயில் ஊர் ஊராக அழிந்ததைச் சொல்லும்போது அரங்கில் சிரிப்பு சட்டென்று அறுந்துவிடும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஆண் வேடமிட்டுச் சண்டை போட்டதாகச் சொல்லிக்கொண்ட கியூபாப் பெண் லோரெட்டா வெலாஸ்கெஸ் வரை வருவார். சண்டை போட்டது அடிமை முறையைக் காப்பாற்ற நின்ற தெற்குப் படைக்காக. வீராங்கனையைத் தேடிப் போனால் இப்படி ஒருத்தி கையில் மாட்டுவாள். சாக்பீஸ் தூள் முகமெல்லாம் அப்பியிருக்கும்.

2016இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஆரம்பித்து, நியூயார்க் பப்ளிக் தியேட்டர் வழியாக, 2017 நவம்பரில் பிராட்வேயின் ஸ்டுடியோ 54க்கு வந்தது. 2018இல் சிறப்பு டோனி விருது. அதே ஆண்டு நெட்ஃப்ளிக்ஸிலும் வந்துவிட்டது.

2020 மக்கள்தொகைக் கணக்குப்படி அமெரிக்காவில் லத்தீன் மக்கள் 6.2 கோடி, கிட்டத்தட்ட நூற்றுக்கு 19 பேர். ஐந்தில் ஒருவர் என்றே வையுங்கள். அத்தனை பேருடைய மூதாதையர்களைத் தேட ஒரு காமெடியன் கரும்பலகை தூக்கிக்கொண்டு வரவேண்டியிருந்தது.

பரமக்குடிப்பையன்

அண்ணே, புருனோவை விட்டுவிட்டீர்களே. கொலம்பியாவில் நடக்கும் கதை. கொலம்பியாவில் பிறந்தவருக்குக் கிடைத்த பாத்திரம் வீட்டில் யாரும் பெயரைக்கூடச் சொல்லக்கூடாத மாமா! அவரைப் பற்றிய பாட்டு 2022இல் அமெரிக்கப் பாடல் தரவரிசையான பில்போர்டு பட்டியலில் ஐந்து வாரம் முதலிடம். கூத்து என்னவென்றால் அந்தப் பாட்டில் இவர் குரலே கிடையாது. ஊரே இவரைப் பற்றிப் பாடுகிறது, இவர் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார்.

மரப்பாச்சி

அந்தப் பாட்டு எங்கள் வீட்டில் தேசிய கீதம். சிட் முதல் புருனோ வரை என் பிள்ளைகளை வளர்த்ததே இந்த ஆள்தான் போலிருக்கிறது.

வடைமாலை

நடிப்புக்கு யாரிடம் படித்தார்? அவ்வளவு உடம்பு வசம் சும்மா வராதே.

பழையசபா

நியூயார்க்கில் பல இடங்களில் படித்தார். அதில் ஒரு கதையை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். நடிப்பு ஆசான் லீ ஸ்ட்ராஸ்பெர்க்கிடம் ஒரே ஒரு நாள் வகுப்புக்குப் போனாராம். மறுநாள் ஆசான் காலமாகிவிட்டார். "என் நடிப்பு அப்படி" என்கிற தோரணையில் சொல்வார்.

கறார்கண்ணம்மா

மூன்று நாள் கழித்து வருகிறேன். 'ஃப்ரீக்' பார்த்தேன். சப்டைட்டில் போட்டு, நிறுத்தி நிறுத்தி.

சானி மாமா வரும் இடம் என்னை அடித்துவிட்டது. பையன் பெரிய அரங்கில் உட்கார்ந்திருக்கிறான். மேடையில் யார் யாரோ ஆடுகிறார்கள், பாடுகிறார்கள். அதில் ஒருத்தி தன் பெயர் மொராலெஸ் என்கிறாள். அவ்வளவுதான். தன் வீட்டுப் பெயர்கள் போன்ற ஒரு பெயரை அவன் ஒரு மேடையில் கேட்பது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு நிமிஷம் அவர் குதிப்பதை, கத்துவதை நிறுத்திவிட்டுச் சும்மா நிற்கிறார். நான் ரீவைண்ட் செய்தேன்.

அப்பா வரும் இடங்களையும் பார்த்தேன். என் கருத்து மாறவில்லை. கொஞ்சம் அசைந்திருக்கிறது என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். அந்த அப்பாவாக அவர் நிற்கும்போது சில இடங்களில் கேலியே இல்லை, களைப்பு மட்டும்தான் இருக்கிறது. என் அண்ணன் செய்துகாட்டியதில் அந்தக் களைப்பு கிடையாது. வேகமாகத் தொட்டுப் பார்க்கும் கை மட்டும்தான்.

ஒரு சந்தேகம். இவர் அப்பா பாத்திரத்துக்காகவே, அப்பா பக்கத்திலிருந்து ஏதாவது எழுதியிருக்கிறாரா? மகன் பார்த்த அப்பா இல்லை, தனக்குத் தானே தெரிந்த அப்பா.

குயின்ஸ்காரன்

எழுதியிருக்கிறார். 'தி அதர் அமெரிக்கன்ஸ்'. தனியாள் நாடகம் இல்லை. பல நடிகர்கள் இருக்கும் முழு நாடகம். ரூபன் சான்டியாகோ-ஹட்சன் இயக்கம். 2024இல் வாஷிங்டனில் அரினா ஸ்டேஜில் முதலில் போட்டார்கள், 2025இல் நியூயார்க் பப்ளிக் தியேட்டருக்கு வந்தது. நான் பார்த்தது இங்கே.

நெல்சன் காஸ்ட்ரோ என்ற கொலம்பிய அமெரிக்கர். குயின்ஸில் துணி துவைக்கும் கடைகள் வைத்திருப்பவர். தொழில் நொடிக்கிறது, வீட்டில் மறைக்கிறார், கடனுக்கு மேல் கடன். தன்மேல் நடந்த ஒரு தாக்குதலுக்குப் பிறகு மனம் உடைந்து சிகிச்சையில் இருந்த மகன் வீடு திரும்புகிறான். அப்பாவுக்கு மகன்மேல் உயிர். அந்த உயிரை வைத்துக்கொண்டே அவனுக்கு என்னென்ன செய்கிறார் என்பதுதான் நாடகம். முடிவைச் சொல்ல மாட்டேன்.

அந்த நெல்சன், லெக்விசாமோவேதான். தலை நரைத்துவிட்டது. முன்பு மாதிரி ஏழு பேராக மாறுவதெல்லாம் இல்லை, இரண்டரை மணி நேரம் ஒரே ஆள். ஜோக் உண்டு. சிரித்தோம். இடைவேளைக்குப் பிறகு என் பக்கத்தில் இருந்த ஒரு வயசான லத்தீன் தம்பதி சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

வெளியே வந்து ரயில் மாறி ஏழாம் நம்பரைப் பிடித்து ஜாக்சன் ஹைட்ஸில் இறங்கும்போது மணி பதினொன்று. எங்கள் கட்டடத்துக்குக் கீழேயும் ஒரு துணி துவைக்கும் கடை உண்டு. இருபத்தைந்து சென்ட் நாணயம் போட்டு ஓட்டும் மெஷின்கள். ஸ்பானிஷ் பேசும் ஒரு பெரியவர்தான் பார்த்துக்கொள்கிறார். எட்டு வருஷமாக அவரிடம் சில்லறை மட்டும்தான் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு, துவைக்கத் துணி எதுவும் இல்லாமலே, கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டேன். "மூடுகிற நேரம்" என்றார்.

வடைமாலை

அப்புறம்?

குயின்ஸ்காரன்

அப்புறம் என்ன, பத்து டாலருக்குச் சில்லறை வாங்கிக்கொண்டு மாடி ஏறினேன்.